மேல்மாடி வீடு, மே மாத வெயில், எட்டு டிஸ்க்: ஃபைல் சர்வருக்கு கேபினெட் தேர்ந்தெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டில் ஃபைல் சர்வர் (வீட்டார் எல்லோரும் நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் போட்டு எடுக்கும் பொதுக் கம்ப்யூட்டர்) கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் பிராசசரில் தொடங்குவார்கள். அப்புறம் மதர்போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க். மிச்சமிருக்கும் பணத்தில் கேபினெட், அதாவது இதையெல்லாம் அடக்கும் பெட்டி. சாதாரண கம்ப்யூட்டருக்கு இந்த வரிசை பரவாயில்லை, ஃபைல் சர்வருக்குச் சரிப்படாது. வீட்டில் நாலு பேர் ஃபைல் எடுத்துப் போடுவதற்குப் பத்து வருடத்துக்கு முந்தைய பிராசசரே தாராளம். டிஸ்க்குகள் எத்தனை டிகிரியில் ஓடும், ராத்திரி எவ்வளவு சத்தம் வரும், ஒரு டிஸ்க் போனால் அதை எவ்வளவு சுலபமாகக் கழற்றலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது கேபினெட்தான். சென்னை மடிப்பாக்கத்தில் என் அக்கா வீட்டுக்கு அமைத்த சர்வர் இதற்கு நல்ல உதாரணம். அங்கே கேபினெட்டை முதலில் முடிவு செய்தோம். மதர்போர்டு கடைசியில்தான் வந்தது.

தேவை என்ன

மாமா கல்யாண வீடியோ எடுப்பவர். 4கே-யில் நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவு செய்தால், ஒரு கேமராவில் மணிக்கு 45 ஜிபி சேரும். இரண்டு கேமரா, ரிசப்ஷனும் முகூர்த்தமும் சேர்த்து நாலு மணி நேரம் என்று வைத்தால் ஒரு கல்யாணத்துக்கு 360 ஜிபி. ஆல்பமும் வீடியோவும் கொடுத்து முடித்த பிறகும், “அந்த நலங்கு சீன் மட்டும் தனியா வேணும்” என்று வருடம் கழித்து வந்து கேட்பவர்கள் உண்டு. அதனால் அவர் எதையும் அழிப்பதில்லை. மேஜை டிராயர் நிறைய யூஎஸ்பி டிஸ்க்குகள். ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் ‘தை 1’, ‘தை 2’, ‘ஆவணி பெரிய மண்டபம்’ என்று எழுதியிருக்கும். எதுவும் இரண்டு பிரதி கிடையாது.

கணக்குப் போட்டதில், இப்போதைக்கு 8 டெராபைட் டிஸ்க் ஆறு போதும் என்று தெரிந்தது. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில், பல டிஸ்க்கை ஒரே தொகுப்பாக்கும் ரெய்டு இசட்2 முறையை அமைத்தால் இரண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக, 32 டெராபைட் மிஞ்சும். எந்த இரண்டு டிஸ்க் போனாலும் தரவு தங்கும். பின்னால் இன்னும் இரண்டு டிஸ்க் சேர்க்க இடம் வேண்டும். ஆக, எட்டு.

எட்டோடு நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. டபிள்யூடி ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் மாதிரி வீட்டு நாஸ் (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) டிஸ்க்குகளை அவற்றின் தயாரிப்பாளர்களே எட்டு பே (டிஸ்க் வைக்கும் இடம்) வரையிலான பெட்டிகளுக்கு என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு மேல் போனால், அக்கம்பக்கத்து டிஸ்க்குகளின் அதிர்வைத் தாங்கும் ‘ப்ரோ’ வகைகளுக்குப் போக வேண்டும். கேபினெட்டில் பன்னிரண்டு இடம் இருக்கிறது என்பதற்காக சாதாரண நாஸ் டிஸ்க் பன்னிரண்டை அடுக்குவது சரியல்ல.

அக்காவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. “ராத்திரி சத்தம் கேட்டுச்சுன்னா நானே எழுந்து வந்து ஸ்விட்சை ஆஃப் பண்ணிடுவேன்டா.” இதை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டு சர்வர்கள் நின்றுபோவதற்கு வீட்டாரின் பொறுமை தீர்ந்துபோவதும் ஒரு காரணம்.

எங்கே வைப்பது

கேபினெட் தேர்வு கடையில் தொடங்குவதில்லை, இன்ச் டேப்பில் தொடங்குகிறது. மாமா முதலில் காட்டியது லாஃப்ட். “மேல வச்சிட்டா யார் கண்ணுலயும் படாது மாப்ளே.” அது மேல்மாடி வீடு. பகலெல்லாம் வெயில் வாங்கிய மொட்டைமாடி கான்கிரீட், பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். லாஃப்ட் அதற்கு ஒட்டியே இருக்கிறது. கையை உயர்த்தி வைத்தாலே தெரியும். தவிர, பதினைந்து கிலோவுக்கு மேல் வரப்போகும் பெட்டியை ஸ்டூல் மேல் ஏறி இறக்கித்தான் டிஸ்க் மாற்ற வேண்டும் என்றால் அந்த வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்தது, எடிட்டிங் அறைச் சுவரில் கட்டியிருக்கும் கடப்பா கல் ஷெல்ஃப். ஆழம் ஒன்றரை அடி, சுமார் 457 மி.மீ. பார்க்க ரொம்பப் பொருத்தமான இடம். ஆனால் மூன்று பக்கமும் சுவர். கேபினெட் பின்புறமாக வெளியேற்றும் சூடான காற்று சுவரில் மோதி, பக்கவாட்டில் சுற்றி, முன்னால் வந்து மறுபடி உள்ளே போகும். அறை 33 டிகிரி இருந்தாலும் சர்வர் இழுப்பது அதைவிடச் சூடான காற்றாக இருக்கும். இப்படி ஷெல்ஃபில் பூட்டிய சர்வர்களைப் பல வீடுகளில் பார்க்கிறேன். கதவும் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இரும்பு பீரோ மேல் வைக்கும் யோசனையும் வந்தது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க் என்றால் நொடிக்கு 120 சுற்று. அந்த அதிர்வு பீரோவின் மெல்லிய தகட்டில் இறங்கினால் முழு பீரோவும் மத்தளமாக ஒலிக்கும். வேண்டாம் என்றேன்.

கடைசியில் முடிவானது எடிட்டிங் மேஜைக்குப் பக்கத்தில், ஜன்னல் சுவருக்கும் மேஜைக்கும் இடையே உள்ள தரை இடம். அகலம் ஒன்றேகால் அடி, ஆழம் மேஜை அளவுக்கு இரண்டடி. முன்னும் பின்னும் காற்றுக்கு வழி இருக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றித் துடைக்கும் தரை என்பதால் நாலு அங்குல உயரத்தில் ஒரு மர ஸ்டாண்டு. அடியிலிருந்து காற்று இழுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் (எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி) அது உதவும். இந்த இடம் முடிவானதுமே போட்டியின் திசை மாறிவிட்டது. ஷெல்ஃப் என்றால் ஆழம் குறைந்த கனசதுரப் பெட்டிதான் வேண்டும். தரை என்றால் உயரமான டவர் கேபினெட்டும் வரலாம்.

எவை போட்டியில் இருந்தன

நாலு பே ரெடிமேட் நாஸ் பெட்டியை மாமாவே கேட்டார். ஆறு டிஸ்க் என்ற கணக்கிலேயே அது விலகிவிட்டது.

ஜான்ஸ்போ என்3 கண்ணுக்கு மிக அழகானது. எட்டு டிஸ்க் கீழே, மினி ஐடிஎக்ஸ் என்ற மிகச் சின்ன அளவு மதர்போர்டு மேலே, நடுவில் டிஸ்க்குகள் நேராகப் பொருந்தும் பேக்ப்ளேன் என்ற பலகை. டிஸ்க்கை முன்புறமிருந்து செருகலாம், வயரைத் தொட வேண்டியதில்லை. எட்டு டிஸ்க்கை இவ்வளவு சின்ன இடத்தில் அடக்கியது பாராட்டத்தக்க வேலை. ஆனால் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன அளவு எஸ்எம்பிஎஸ்தான் போகும். அது ஒரு நாள் போனால், கல்யாண சீசன் நடுவில், கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அன்றைக்கே கிடைக்குமா என்பதைப் பார்க்க வேண்டும். வழக்கமான ஏடிஎக்ஸ் அளவு எஸ்எம்பிஎஸ் எந்தக் கடையிலும் கிடைக்கும். மினி ஐடிஎக்ஸ் போர்டில் கூடுதல் கார்டு செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் ஒன்றே ஒன்று. டிஸ்க்குக்கான கார்டு போட்டால் வேகமான நெட்வொர்க் கார்டுக்கு இடமில்லை, அதைப் போட்டால் இதற்கு இல்லை. ஏசி ஓடும் அறையில் நாலைந்து டிஸ்க் வைப்பவருக்கு இந்த வகைப் பெட்டியைத் தயங்காமல் சொல்வேன். இங்கே ஏசி எடிட்டிங் நேரத்தில் மட்டும்தான்.

ஃப்ராக்டல் டிசைன் நோட் 304 பழைய நம்பகமான பெட்டி. 250 மி.மீ. அகலம், 210 உயரம், 374 ஆழம், ஆறு டிஸ்க், முன்னால் இரண்டு 92 மி.மீ. ஃபேன் நேராக டிஸ்க் மேல் வீசும். ஆறோடு முடிந்துவிடும் என்பதால் விட்டோம்.

அதன் அண்ணன் நோட் 804 கடைசி வரை நின்றது. 344 மி.மீ. அகலம், 307 உயரம், 389 ஆழம். உள்ளே இரண்டு அறை. ஒன்றில் நடுத்தர அளவான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. இன்னொன்றில் எஸ்எம்பிஎஸ்ஸும், மேலிருந்து தொங்கும் இரண்டு கூண்டுகளில் நாலு நாலாக எட்டு டிஸ்க்கும். போர்டின் சூடு டிஸ்க் பக்கம் வராது. நல்ல வடிவமைப்பு. ஒரு டிஸ்க்கை மாற்றும் வேலையை நினைத்துப் பார்த்தபோதுதான் யோசிக்க வேண்டியதாயிற்று. மேல் தகட்டைக் கழற்றி, அந்தக் கூண்டில் உள்ள நாலு டிஸ்க்கின் வயர்களையும் பிடுங்கி, கூண்டைத் தூக்கி எடுக்க வேண்டும். பழுதான டிஸ்க் ஒன்று, தொந்தரவு நாலுக்கு. ஒரு டிஸ்க் ஏற்கெனவே போயிருக்கும் நேரத்தில் நல்ல டிஸ்க்குகளின் வயர்களைத் தொடுவது எனக்குப் பிடிக்காது.

பழைய டவர்களையும் பார்த்தோம். மேலிருந்து கீழ் வரை 5.25 அங்குல பே உள்ளவை. மூன்று பே உயரம் சுமார் 124 மி.மீ. அதில் நாலு டிஸ்க்கைப் படுக்கையாக அடுக்கும் கூண்டு போட்டால், டிஸ்க் தடிமன் 26 மி.மீ. போக ஒவ்வொன்றுக்கும் இடையே 4 மி.மீ. காற்று வழி மிஞ்சும், முன்னால் 120 மி.மீ. ஃபேன் ஒன்று பொருந்தும். அதே இடத்தில் ஐந்து டிஸ்க்கைச் செங்குத்தாகச் செருகும் கூண்டுகளும் உண்டு. அவற்றில் இடைவெளி இன்னும் குறைவு, அதைச் சமாளிக்கப் பின்னால் வேகமாகச் சுற்றும் சின்ன ஃபேன். படுக்கையறைக்குப் பக்கத்து அறையில் அது ஆகாது. நாலு டிஸ்க் கூண்டு இரண்டு போடுவது நல்ல வழிதான். ஆனால் கூண்டுகளின் விலை டவரின் விலையைத் தாண்டிப் போனது.

நாங்கள் எடுத்தது ஃப்ராக்டல் டிஃபைன் ஆர்5, பயன்படுத்தியது. 232 மி.மீ. அகலம், 451 உயரம், 521 ஆழம், காலியாகவே சுமார் 11 கிலோ. எட்டு டிஸ்க் ட்ரே, ஐந்தும் மூன்றுமாக இரண்டு கூண்டு. ஒவ்வொரு ட்ரேயும் தனித்தனியாக வெளியே வரும். முன்னால் இரண்டு 140 மி.மீ. ஃபேனுக்கு இடம், அவை நேராக டிஸ்க் மேல் வீசும். ஏடிஎக்ஸ் போர்டு, ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ். பக்கத் தகடுகளில் சத்தம் உறிஞ்சும் பட்டை. முன் கதவு மூடியே இருக்கும், காற்று அதன் ஓரப் பிளவுகள் வழியாக வரும். முழு வலை முகப்போடு ஒப்பிட்டால் காற்று கொஞ்சம் குறைவு. அக்காவின் நிபந்தனைக்காக அதை ஏற்றுக்கொண்டோம்.

மாமாவுக்கு இதன் உருவம் முதலில் பிடிக்கவில்லை. “இவ்ளோ பெருசா?” என்றார். ஒரு ட்ரேயை இழுத்து அவர் கையில் கொடுத்து, டிஸ்க்கை வைத்துத் திருகி மறுபடி உள்ளே தள்ளச் சொன்னேன். நான் ஊரில் இல்லாதபோது இதை அவர்தான் செய்யப்போகிறார். அதற்குப் பிறகு அளவைப் பற்றி அவர் பேசவில்லை.

ட்ரேயில் பார்க்க வேண்டிய ஓட்டைகள்

பழைய கேபினெட் வாங்கும் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 3.5 அங்குல டிஸ்க்கின் அடியில் நாலு திருகு ஓட்டைகள் இருக்கும். வழக்கமான அமைப்பில் முன் ஜோடிக்கும் பின் ஜோடிக்கும் இடைவெளி 44.45 மி.மீ. கொள்ளளவு அதிகமான டிஸ்க்குகள் பலவற்றில், உள்ளே கூடுதல் தட்டுகளுக்கு இடம் விட, ஒரு ஜோடியை நகர்த்தி இடைவெளியை 76.2 மி.மீ. ஆக்கியிருக்கிறார்கள். பக்கவாட்டிலும் நடு ஓட்டை இல்லாமல் வரும். பழைய அளவுக்கு மட்டும் துளையிட்ட ட்ரேயில் இந்த டிஸ்க்கை இரண்டு திருகில் நிறுத்த வேண்டியிருக்கும். அது ஆடும், ஆடினால் சத்தமும் வரும், எழுதும் தலையும் தடுமாறும்.

அதிர்வு எழுதும் வேகத்தைக் கெடுப்பது கற்பனையல்ல. 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக், ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் வரிசைக்கு எதிரே நின்று உரக்கக் கத்திக் காட்டினார். அந்த நொடியில் டிஸ்க்குகளின் தாமதம் எகிறியது திரை வரைபடத்தில் தெரிந்தது. வெறும் குரலுக்கே அப்படி என்றால், ஒரே தகட்டில் இறுகிய எட்டு டிஸ்க் ஒன்றையொன்று உலுக்குவதை யோசித்துக்கொள்ளுங்கள். அதனால்தான் ட்ரேயில் ரப்பர் வளையம் இருக்கிறதா, அது காய்ந்து வெடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். பயன்படுத்திய பெட்டியில் முதலில் போவது அந்த ரப்பர்தான்.

டிஸ்க் வாங்கும் முன், அந்த மாடலின் அளவு வரைபடத்தை எடுத்து ட்ரேயோடு ஒப்பிடுங்கள். ஓட்டை பொருந்தாவிட்டால் இரும்புத் தகட்டு ட்ரேயில் புதிதாகத் துளையிட்டுக்கொள்ளலாம். பிளாஸ்டிக் ட்ரேயில் அது பலன் தராது.

காற்றை டிஸ்க் வழியாகப் போக வைத்தல்

முன்னால் இரண்டு 140 மி.மீ. ஃபேன் உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. உள்ளே வருவது அதிகம் என்பதால் காற்று பெரும்பாலும் வடிகட்டி வழியாகத்தான் நுழையும், தூசியும் அதிலேயே நிற்கும். முன் வடிகட்டியைக் கழற்றிக் குழாயில் கழுவலாம். எங்கள் பக்கம் எப்போதும் ஏதாவது ஒரு கட்டட வேலை நடந்துகொண்டிருக்கும். மாதம் ஒரு முறை கழுவினால்தான் சரியாக இருக்கிறது.

எட்டு ட்ரேயில் ஆறு டிஸ்க்கை எப்படி வைப்பது? இடைவெளி விட்டு வைத்தால் குளிரும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். காற்று தடை குறைந்த வழியாகத்தான் போகும். நடுவில் ஒரு ட்ரே காலியாக இருந்தால், காற்று டிஸ்க்குகளை உரசாமல் அந்த வெற்றிடத்தின் வழியாகவே தப்பித்துவிடும். அதனால் ஆறையும் அடுத்தடுத்து வைத்து, அடியில் காலியாக விட்ட இரண்டு ட்ரேகளின் முன்னால் ஒரு அட்டையை வெட்டிப் பொருத்தினோம். மாமா வீட்டில் கிடந்த பழைய தினசரி காலண்டர் அட்டை, தடிமனும் விறைப்பும் அதற்கு அளந்ததுபோல இருந்தது. 5.25 அங்குல பே பக்கம் போகும் இடைவெளியையும் அதே அட்டையால் அடைத்தோம். அடைத்த பிறகு மிகச் சூடான டிஸ்க் மூன்று டிகிரி இறங்கியது. ஃபேன் வேகத்தில் கை வைக்கவே இல்லை.

பின்னால் உள்ள காலி பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு மூடி கட்டாயம். வெதுவெதுப்பான இருட்டுப் பெட்டி பல்லிக்கும் கரப்பானுக்கும் பிடித்த இடம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி மாட்டி ஷார்ட் ஆவது நம் ஊரில் புதிதல்ல.

மின்சாரம், வயர்

3.5 அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். எட்டு டிஸ்க் ஒரே நேரத்தில் கிளம்பினால் 16 ஆம்பியர், அதாவது 192 வாட். ஓட ஆரம்பித்த பிறகு சும்மா இருக்கும் டிஸ்க்குக்கு சுமார் 5 வாட். நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். வாட்டைவிட, டிஸ்க்குகளில் மாட்டும் சாட்டா பவர் முனைகள் எத்தனை இருக்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். முனை பற்றாமல், பழைய மோலக்ஸ் முனையிலிருந்து பிரிக்கும் மலிவான வார்ப்பு அடாப்டர்களை மாட்டுகிறார்கள். உள்ளே வயர்கள் ஒன்றையொன்று தொட்டு உருகித் தீப்பிடிப்பது இந்த வகையில்தான். நாங்கள் எட்டு சாட்டா முனை உள்ள எஸ்எம்பிஎஸ்ஸாகவே தேடி வாங்கினோம்.

எல்லாம் சேர்ந்து சராசரியாக 70 வாட் என்று வைத்தால் மாதம் 50 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால், அதில் 100 யூனிட் கூடும். 2016-இல் வீடுகளுக்கு இலவசமாக்கிய முதல் 100 யூனிட்டுக்குச் சமமான அளவு. இதை அக்காவிடம் முன்னாடியே சொல்லிவிட்டேன்.

மே மாதத்தில் நடந்தது

சர்வரைச் சோதிக்கும்போது சும்மா இருக்கும் நேரத்து வெப்பநிலையைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. இசட்எஃப்எஸ்ஸில் ஸ்க்ரப், அதாவது சேமித்த தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை, ஓடும்போது எல்லா டிஸ்க்கும் ஒரே நேரத்தில் மணிக்கணக்கில் வேலை செய்யும். பாதி நிறைந்த 8 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 எம்பி வேகத்தில் படித்தால்கூட ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உண்மையான சோதனை அதுதான். அதையும் ஏசி இல்லாத மே மாத மதியத்தில் ஓட்டினோம். அறை 35 டிகிரி. டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ‘ஸ்மார்ட்’ தகவலில் டிஸ்க்குகள் 42-க்கும் 45-க்கும் இடையே நின்றன. மேலே உள்ள டிஸ்க்தான் எப்போதும் கொஞ்சம் அதிகம்.

45 நல்ல எண்ணா? டிஸ்க் தயாரிப்பாளர்கள் 60, 65 டிகிரி வரை அனுமதிக்கிறார்கள். 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து வெளியிட்ட ஆய்வில், வெப்பத்துக்கும் பழுதுக்கும் எல்லோரும் நினைத்த அளவு நேரடித் தொடர்பு தெரியவில்லை. ஆனால் மூன்று வருடம் தாண்டிய டிஸ்க்குகளில் அதிக வெப்பம் பழுதைக் கூட்டியது. மாமாவின் டிஸ்க்குகள் அந்த வயதைத் தாண்டி ஓட வேண்டியவை. அதனால் மே மாதத்திலேயே 45 என்பதை உச்சவரம்பாக வைத்தேன், அதற்குள் நின்றது. மாத ஸ்க்ரப்பை விடியற்காலை இரண்டு மணிக்குத் தொடங்கும்படி மாற்றியதில் இன்னும் இரண்டு டிகிரி குறைந்தது.

சத்தம்? ஃபேன்கள் கேபினெட்டிலேயே உள்ள மூன்று வேக ஸ்விட்சில் நடு வேகத்தில் ஓடுகின்றன. வெயில் காலத்தில் மட்டும் மாமா அதை மேலே தள்ளுகிறார். கதவை மூடினால் பக்கத்து அறையில் எதுவும் கேட்பதில்லை. டிஸ்க் தலை நகரும் ‘டக் டக்’ மட்டும் எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்கும்.

ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிஸ்க்கின் சீரியல் எண்ணில் கடைசி நாலு எழுத்தை எழுதியிருக்கிறோம். ஏதாவது ஒன்று பழுது என்று சர்வர் சொன்னால், அது சொல்வது சீரியல் எண்ணைத்தான். பெட்டியில் எந்த ட்ரே என்பதைச் சொல்லாது. டேப் இல்லாமல் ஆறில் ஒன்றைக் குத்துமதிப்பாக இழுப்பது, தப்பித் தவறி நல்ல டிஸ்க்கை எடுப்பதில்தான் முடியும்.

ஏழாவதும் எட்டாவதும் வரும்போது போர்டில் உள்ள ஆறு சாட்டா முனை பற்றாது. அதற்கு எல்எஸ்ஐ 9211-8ஐ வகை ஹெச்பிஏ கார்டு (கூடுதல் டிஸ்க்குகளை இணைக்கும் கார்டு) ஒன்று போடுவதாகத் திட்டம். சர்வர் அறையின் பலத்த காற்றோட்டத்தை நம்பி வடிவமைத்த கார்டு அது, வீட்டு கேபினெட்டில் நன்றாகச் சூடாகும். அதன் ஹீட்சிங்க் மேல் வைக்க ஒரு 40 மி.மீ. ஃபேன் வாங்கி வைத்திருக்கிறோம், ஸ்லாட்டும் ஒதுக்கியாயிற்று. அந்த இரண்டு ட்ரேயும் நிறையும் நாளில் காலண்டர் அட்டையைக் கழற்றிவிடலாம். டிராயரில் இருந்த யூஎஸ்பி டிஸ்க்குகளில் நல்லவற்றைப் பிரித்தெடுத்து, முக்கியமான கல்யாணங்களின் இரண்டாம் பிரதியை எழுதி, மாமாவின் அம்மா வீட்டு பீரோவில் வைக்கும் வேலை இப்போது நடக்கிறது.